சேற்றிலே வரலாறு கண்ட செம்மல்

மன்னர்தம் வரலாறு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பெற்றது. புலவர்தம் வரலாறு ஏட்டிலே எழுதப்பெற்றது. காட்டின் வரலாற்றை எழுதிவைத்தார் யார்? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாட்டில் எம்மரங்கள் ஓங்கி நின்றன, அவை எப்போது அருகின, அவற்றின் இடத்தை எவை பிடித்தன, அக்காலத்துக் கோடை வெம்மை மிக்கதா, தண்மை மிக்கதா என்று வினவின், விடை கூறத்தக்க சாட்சி எங்கேயுளது? இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே விடை கண்டவர் சுவீடன் நாட்டுப் புவிச்சரிதவியலறிஞர் லெனார்ட் வொன் போஸ்ட். அவர் அழைத்து நிறுத்திய சாட்சி, யாவரும் கால்வைக்கக் கூசும் சதுப்பு நிலத்துச் சேறே.

வொன் போஸ்ட் 1884ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆந் தேதி, மத்திய சுவீடனிலே பிறந்தார். உப்சாலாப் பல்கலைக்கழகத்திலே கல்வி பயின்றார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் ருட்கர் செர்னாண்டர் என்னும் தாவரவியற் பேரறிஞர். சதுப்பு நிலங்களின் அடுக்குகளை ஆராய்ந்து பண்டைக் காலநிலையை அறியலாம் என்னும் வேட்கையை மாணவனின் உள்ளத்தில் ஊன்றியவர் அவரே.

அக்காலத்தில் வடநாட்டறிஞரிடையே ஒரு பெரும் விவாதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதனை அறியாவிடின் வொன் போஸ்டின் தொண்டு இன்னதென்று அறிதல் அரிது. ஐரோப்பாவின் வடபாகத்தை மூடிக்கிடந்த பனிக்கட்டி உருகி ஒழிந்தபின் காலநிலை எவ்வாறு மாறிற்று என்பதே விவாதப்பொருள். நோர்வே நாட்டு அக்செல் பிளைற் என்பார் 1876ஆம் ஆண்டிலே ஒரு கருத்தை வெளியிட்டார். சதுப்பு நிலத்தைத் தோண்டுமிடத்து ஓரடுக்கிலே மரவேர்களும் அடிக்கட்டைகளும், அதன் மேலடுக்கிலே ஈரத்தில் மட்டும் வளரும் பாசியும் மாறிமாறி வருதலை அவர் கண்டார். மரம் நின்ற காலம் வரட்சியான காலம், பாசி படர்ந்த காலம் ஈரமான காலம் என்று துணிந்தார். செர்னாண்டர் அக்கொள்கையை ஏற்று விரித்தார். ஆனால், குன்னார் அண்டர்சன் என்னும் மற்றோரறிஞர் இதனை மறுத்தார். ஹேசல் என்னும் மரத்தின் கொட்டைகள், அம்மரம் இன்று வளரும் எல்லைக்கு வடக்கேயும் சேற்றிலே கிடைத்தலைக் காட்டி, கோடை வெப்பம் படிப்படியாய் உயர்ந்து பின்னர் படிப்படியாய்த் தாழ்ந்ததேயன்றி, வரட்சியும் ஈரமும் மாறிமாறி வந்தனவல்ல என்றார்.

இரு திறத்தாரிடமும் சான்றுகள் இருந்தன. ஆனால் அச்சான்றுகள் எத்தகையன? ஒரு சதுப்பிலே ஓர் அடிக்கட்டை. மற்றொன்றிலே ஓர் இலை. பிறிதொன்றிலே ஒரு விதை. அவை தற்செயலாய் விழுந்து தற்செயலாய்க் கிடைத்தவை. ஓரிடத்திலே மரக்கட்டை கிடைத்தால் அம்மரம் அங்கே நின்றதெனலாம். கிடைக்காவிடின் நிற்கவில்லையெனல் இயலுமா? இரண்டு சதுப்பு நிலங்களின் அடுக்குகளை ஒன்றோடொன்று பொருத்தி, இன்ன அடுக்கும் இன்ன அடுக்கும் ஒரே காலத்தன என்று காட்டுதற்கும் வழியில்லை. அறிஞர் வாதிட்டனர், வழக்கைத் தீர்க்கும் அளவுகோல் ஒருவர் கையிலும் இல்லை.

இந்நிலையிலேதான், 1908ஆம் ஆண்டளவில், இளைஞரான வொன் போஸ்ட் சுவீடன் அரசினரின் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்திலே பணியிலமர்ந்தார். அவருக்கிட்ட வேலை காட்டின் சரிதத்தை ஆராய்வதன்று. சதுப்பு நிலங்களிலே கிடக்கும் முற்றாநிலக்கரியை அளந்து கணக்கிடுவதே அவர் கடமை. ஈரநிலத்திலே வளர்ந்து மடிந்த பாசியும் புல்லும் காற்றுப் புகாத நீரில் அமிழ்ந்து, முற்றும் உக்கிப்போகாமல் ஆண்டாண்டாய் அடுக்கி வருவதே முற்றாநிலக்கரி. அதனை வெட்டி உலர்த்தினால் விறகுபோல் எரியும். நிலக்கரிக்குப் பிறநாட்டை நம்பியிருந்த சுவீடனுக்கு, முதலாம் உலகப்போர் மூண்டு கப்பற் போக்குவரத்துத் தடைப்பட்டபோது, இச்சேற்று விறகு பெருஞ்செல்வமாய்த் தோன்றிற்று. எனவே, எச்சதுப்பிலே எத்துணை எரிபொருள் உண்டு, எந்நிலத்தை வடித்து வயலாக்கலாம் என்று அறிய அரசு விரும்பிற்று.

வொன் போஸ்ட் இப்பணியைக் குறைவறச் செய்தார். நீண்ட இரும்புத் துளைகருவியைச் சதுப்பிலே செலுத்தி, அடியிலுள்ள களிமண்வரை படைபடையாய் மாதிரி எடுத்தார். முற்றாநிலக்கரி எவ்வளவு உக்கியுள்ளது என்பதை அறிய அவர் வகுத்த முறை மிக எளியது. ஈரமான மாதிரியை உள்ளங்கையில் வைத்துப் பிழிய வேண்டும். தெளிந்த நீர் மட்டும் வழியின் அது முதற்படி. நீர் கலங்கிவரின் அடுத்தடுத்த படிகள். விரலிடுக்கு வழியே சேறு முழுவதும் பிதுங்கி வெளியேறிக் கையில் ஒன்றும் எஞ்சாதாயின் அது பத்தாம் படி. ஆய்வுகூடமும் வேண்டாம், தராசும் வேண்டாம். கையும் கண்ணும் போதும். இப்பத்துப் படி அளவை அவர் பெயராலேயே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. அவரும் எரிக் கிரான்லண்ட் என்பாரும் சேர்ந்து எழுதிய, தென் சுவீடனின் முற்றாநிலக்கரி வளம்பற்றிய பெருநூல் 1926ஆம் ஆண்டிலே வெளியாயிற்று.

எரிபொருளை அளக்கச் சென்றவர் அவ்வெரிபொருளினுள்ளே வேறொரு செல்வம் கிடத்தலைக் கண்டார். அதுதான் மகரந்தம்.

பூக்கும் மரங்கள் ஆண்டுதோறும் மகரந்தத்தைச் சொரிகின்றன. காற்றினாலே மகரந்தச்சேர்க்கை பெறும் பைன், பேர்ச்சு, ஓக், எல்ம் முதலிய மரங்கள் அதனை அளவின்றிச் சொரிகின்றன. அவற்றுள் ஒரு சிறுகூறே மற்றொரு பூவைச் சேர்கின்றது. எஞ்சியன யாவும் நிலத்திலும் நீரிலும் மழைபோல் விழுகின்றன. ஒரு மகரந்தமணி மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்கு முதல் பத்திலொரு பங்கு வரையான பருமனுடையது, கண்ணுக்குப் புலனாகாதது. ஆயினும் அதன் புறவுறை மிக்க உறுதியுடையது. ஒட்சிசன் புகாத ஈரச் சேற்றிலே அகப்பட்டால், மரமும் இலையும் அழிந்தொழிந்த பின்னரும் அவ்வுறை பல்லாயிரம் ஆண்டு கெடாது நிற்கும். மேலும், ஒவ்வொரு மரத்தின் மகரந்தமணியும் தனக்கேயுரிய வடிவமுடையது. பைன் மரத்தினது இரு பக்கத்தும் காற்றுப்பைகளை உடையது. பேர்ச்சு மரத்தினது மூன்று துளைகளை உடையது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கின், மரத்தைக் காணாமலே மரத்தின் பெயரைக் கூறலாம்.

சேற்றிலே மகரந்தம் உண்டென்பதை முதன்முதற் கண்டவர் வொன் போஸ்டல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிஞர் சிலர் அதனைக் கண்டு குறித்துளர். ஸ்டொக்ஹோமிலிருந்த குஸ்தாவ் லாகர்ஹைம் என்னும் தாவரவியற் பேராசிரியர், ஒரு மாதிரியிலுள்ள மகரந்தமணிகளை எண்ணி, ஒவ்வொரு மரத்துக்குமுரிய நூற்றுவீதத்தைக் கணக்கிடும் வழக்கத்தையும் தொடங்கியிருந்தார். அக்கருவியை வொன் போஸ்ட் நன்றியோடு பெற்றார். ஆனால், அக்கருவியாலே என்ன செய்யலாம் என்பதை முழுவதும் உணர்ந்தவர் அவரே. ஒரு மாதிரியை எண்ணுவதோடு நில்லாது, சதுப்பின் அடிமுதல் முடிவரை அடுத்தடுத்து எடுத்த மாதிரிகளையெல்லாம் எண்ணினார். எண்களை ஒரு வரைபடத்திலே இட்டார். செங்குத்தாக ஆழம், கிடையாக நூற்றுவீதம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குறி, ஒரு கோடு. அக்கோடுகள் கீழிருந்து மேலே ஏறுந்தோறும் அகன்றும் சுருங்கியும் வளைந்தும் செல்வதைப் பார்க்கும்போது, ஒரு காடு வளர்ந்து மாறிய சரிதம் கண்முன்னே தோன்றும்.

ஓரிடத்து வரைபடத்தை அயலிடத்து வரைபடத்தோடு அவர் ஒப்புநோக்கினார். கட்டைகளாலும் இலைகளாலும் ஆகாத காரியம் இங்கே ஆயிற்று. பல கல் தொலைவிலுள்ள சதுப்புகளிலே அதே கோடுகள் அதே ஒழுங்கிலே எழுந்து வீழ்ந்தன. பனிக்கட்டி ஒழிந்த நிலத்திலே முதலிற் பேர்ச்சும் பைனும் வந்தன. பின் ஹேசல் பல்கிற்று. அதன்பின் எல்ம், ஓக், லைம் ஆகிய வெப்பம் விரும்பும் மரங்கள் ஓங்கின. இறுதியிலே தெற்கிலே பீச்சும், வடக்கிலிருந்து இறங்கிய ஸ்புரூசும் இடம்பிடித்தன. இரு வேறு சதுப்புகளின் அடுக்குகளைக் காலத்தாற் பொருத்தும் அளவுகோல் கிடைத்துவிட்டது.

1916ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, பின்னர் ஒஸ்லோ எனப் பெயர் மாறிய கிறிஸ்தியானியா நகரிலே, ஸ்கந்திநேவிய இயற்கை விஞ்ஞானிகளின் பதினாறாவது மாநாடு கூடிற்று. ஐரோப்பாவின் பிற பாகங்களிலே போர்முரசு அதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. முப்பத்திரண்டு வயதினரான வொன் போஸ்ட் அவ்வவையிலே, தென் சுவீடனின் சதுப்பு அடுக்குகளிற் கிடைக்கும் காட்டுமர மகரந்தம்பற்றி உரை நிகழ்த்தித் தம் வரைபடங்களைக் காட்டினார். மகரந்த ஆராய்ச்சி என்னும் துறை பிறந்த நாளாக விஞ்ஞான உலகம் அந்நாளையே கொண்டாடுகின்றது.

புதுக்கொள்கைக்கு வினாக்கள் எழாதிருக்குமா? மகரந்தம் காற்றிலே பறப்பது. தொலைவிலிருந்து வந்து விழுந்த மகரந்தத்தைக் கொண்டு, இங்கே இம்மரம் நின்றதென்று எங்ஙனம் துணிவது? ஹென்றிக் ஹெஸ்ஸல்மன் என்னும் வன ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்தறியத் துணிந்தார். 1918ஆம் ஆண்டிலே, பொத்னியாக் குடாக்கடலிலே நங்கூரமிட்டு நின்ற இரண்டு வெளிச்சக் கப்பல்களிலே தட்டங்களை வைத்து, வந்து வீழும் மகரந்தத்தைச் சேகரித்தார். ஒரு கப்பல் கரையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவிலும், மற்றையது 55 கிலோமீற்றர் தொலைவிலும் நின்றன. ஒரு மரமும் இல்லாத அந்நடுக்கடலிலும் பைன், ஸ்புரூஸ், பேர்ச்சு ஆகியவற்றின் மகரந்தம் தட்டங்களில் மிகுதியாய் வீழ்ந்தது.

இச்செய்தி மகரந்த ஆராய்ச்சியை வீழ்த்திவிடும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அஃது அவ்வாராய்ச்சியின் எல்லையைத் தெளிவாக வரையறுத்தது. ஓர் அடுக்கிலே கிடைக்கும் ஓரிரு மணிகள் எதனையும் நாட்டமாட்டா. பல நூறு மணிகளை எண்ணிப் பெறும் வீதமே பேசும். அதுவும் ஒரு குறித்த மரத்தைப்பற்றியன்று, சூழவுள்ள நிலப்பரப்பின் காட்டைப்பற்றியே பேசும். பைன் மிகுதியாய்ச் சொரிவது, லைம் குறைவாய்ச் சொரிவது. ஆதலின் சேற்றிலுள்ள வீதம் காட்டிலுள்ள வீதமன்று. ஆயினும் வீதத்தின் ஏற்றத்தாழ்வு காட்டின் ஏற்றத்தாழ்வைக் காட்டும். சாட்சி ஒருவன் எதனை அறிவான், எதனை அறியான் என்று தெரிந்து வினவுவதே நல்ல வழக்கறிஞனுக்கு அழகு. வொன் போஸ்டின் முறை அத்தகையது.

இவ்வறிஞரின் வாழ்விலே ஒரு பிழையும் உண்டு. அதனை மறைத்தல் வாழ்க்கை வரலாற்றுக்கு அழகன்று. 1920ஆம் ஆண்டிலே, வெஸ்டர்யோத்லண்ட் மாகாணத்து யேறும் மலையிலே முற்றாநிலக்கரி வெட்டியபோது, கம்பளியால் நெய்த ஒரு மேலாடை சேற்றினுள்ளே கண்டெடுக்கப்பட்டது. மடித்து வைத்து, மேலே மூன்று கற்களை இட்டு, யாரோ ஒருவர் அதனைச் சதுப்பிலே புதைத்திருந்தனர். ஆடையிலே கத்திக் குத்துக்களெனத் தோன்றும் துளைகளும் இருந்தன. அடுக்கையும் மகரந்தத்தையும் ஆராய்ந்து, அம்மேலாடை வெண்கலக் காலத்தது என்று வொன் போஸ்டும் அவரோடு ஆராய்ந்தோரும் 1925ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். பிற்காலத்திலே கதிர்க்காபன் முறையால் அளந்தபோது, அது கி.மு. 360 முதல் கி.மு. 100 வரையான இடைக்காலத்தது, அதாவது இரும்புக் காலத்தின் தொடக்கப் பகுதியது, எனத் தெரியவந்தது. மகரந்தம் முன்பின் என்னும் வரிசையைக் கூறவல்லது. ஆண்டுக்கணக்கைத் தானே கூறவல்லதன்று. அக்காலத்து ஆராய்ச்சியாளர் ஆண்டுக்கணக்குக்குத் தொல்பொருள்களையும் ஏரிக் களிமண்ணின் ஆண்டடுக்குகளையுமே நம்ப வேண்டியிருந்தது. கதிர்க்காபன் கொண்டு காலம் கணிக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானி லிபியும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டது 1949ஆம் ஆண்டிலேதான். வொன் போஸ்டின் வாழ்நாளில் அப்போது ஈராண்டுக்கும் குறைவான காலமே எஞ்சியிருந்தது.

அவர் பெரும்பாலும் தம் தாய்மொழியிலேயே எழுதினார். கிறிஸ்தியானியாச் சொற்பொழிவு சுவீடிஷ் மொழியிலே 1918ஆம் ஆண்டு அச்சேறியது. அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்போ 1967ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. எனினும் அவர் முறை அதற்கு நெடுங்காலம் முன்னரே உலகெங்கும் பரவிவிட்டது. அதற்குக் காரணம் மாணாக்கரே. குன்னார் ஏர்ட்மன் 1921ஆம் ஆண்டிலே ஜெர்மன் மொழியிலே தம் ஆராய்ச்சியை வெளியிட்டுப் பிறநாட்டாருக்கு இம்முறையை அறிமுகஞ்செய்தார். வொன் போஸ்ட் 1929ஆம் ஆண்டிலே ஸ்டொக்ஹோம் உயர்கல்லூரியிலே புவிச்சரிதவியற் பேராசிரியரானார். 1950ஆம் ஆண்டுவரை அப்பதவி வகித்தார். அங்கே அவரை நாடி நியூசிலாந்திலிருந்து வந்தவர் லூசி கிரான்வெல் என்னும் பெண்மணி. இருவரும் சேர்ந்து 1936ஆம் ஆண்டிலே நியூசிலாந்துச் சதுப்புகளின் மகரந்த வரைபடங்களை வெளியிட்டனர். ஒலோவ் செல்லிங் என்பார் ஹவாய்த் தீவுகளின் மலைச் சதுப்புகளை ஆராய்ந்தார். வெப்பம் உயர்ந்து, உச்சத்தையடைந்து, மீண்டும் தாழ்ந்தது என்று சுவீடனிலே தாம் கண்ட அந்த மூன்று படிகளை உலகின் மறுபுறத்துச் சேற்றிலும் காணலாமோ என்று அறிவதே வொன் போஸ்டின் பேரவா. 1946ஆம் ஆண்டிலே ஆங்கிலத்தில் வெளியான அவரது கட்டுரை, பூமியின் காலநிலைச் சரிதம் முழுவதற்கும் மகரந்தம் ஆற்றக்கூடிய பணியை எடுத்துரைத்தது.

அவர் மரங்களையே எண்ணினார். அவர்க்குப் பின்வந்தோர் புற்களையும் பூண்டுகளையும் எண்ணத் தொடங்கினர். டென்மார்க்கின் யொஹானெஸ் ஈவர்சன் 1941ஆம் ஆண்டிலே, ஓரடுக்கிலே காட்டுமர மகரந்தம் திடீரெனக் குறைவதையும், அவ்விடத்திலேயே தானியமும் வயற்களைகளும் தோன்றுவதையும் காட்டி, கற்கால உழவன் காட்டை வெட்டிக் குடியேறிய செய்தியைப் படித்தறிந்தார். காட்டின் வரலாறாகத் தொடங்கியது மனிதனின் வரலாறாகவும் ஆயிற்று. வொன் போஸ்ட் 1951ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆந் தேதி காலமானார்.

அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தபின், அவர் கற்பித்த உயர்கல்லூரி வளர்ந்து பல்கலைக்கழகமாகிய அதே ஸ்டொக்ஹோமிலிருந்து, நம் இலங்கைக்கும் ஒரு செய்தி வந்தது. கடல் மட்டத்துக்கு 2,100 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியின் சதுப்புகளிலே துளையிட்டு, அங்குள்ள முற்றாநிலக்கரியின் மகரந்தத்தை எண்ணிய ஆராய்ச்சி 2003ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. ஏறக்குறைய 24,000 ஆண்டுச் சரிதத்தை அச்சேறு காத்துவைத்திருந்தது. வடநாடுகளைப் பனிக்கட்டி மூடிக்கிடந்த காலத்திலே நம் மலைநாட்டில் வரட்சி நிலவியதையும், பின்னர் பருவக்காற்று வலுவடைந்து மழை பெருகியதையும் அது கூறிற்று. உலகமுடிவின் காட்சியை நோக்கி அச்சமவெளியிலே நடந்து செல்லும் நம்மில் எத்தனைபேர், காலடியிலே கிடப்பது ஓர் ஏட்டுச்சுவடி என்று எண்ணியிருப்போம்?

இவ்விடத்திலே நாம் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். சதுப்பிலே பாசி மெல்ல மெல்லவே வளர்கின்றது. ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் உயர்வதே பெரிது. ஒரு மனிதன் தன் வாழ்நாளிலே காணும் வளர்ச்சி ஒரு சாண்கூட இராது. ஆனால் வெட்டி எரிப்பதற்கோ, வடித்து உலரவிடுவதற்கோ சில நாட்கள் போதும். நீர் வற்றிக் காற்றுப் புகுந்தால் மகரந்தத்தின் உறையும் சிதையும்; எழுத்து அழியும். எரிந்த ஏட்டைப் பிரதி இருப்பின் மீண்டும் எழுதலாம். இவ்வேட்டுக்கோ பிரதி இல்லை. நம் தீவிலே எத்தனையோ ஈரநிலங்கள் பயனற்ற சேறென்று கருதப்பட்டு மண்ணிட்டு நிரப்பப்பட்டன. அவற்றிலே என்ன எழுதியிருந்தது என்பதை இனி அறிவார் எவருமிலர்.

எத்துணை விறகு தேறும் என்று கணக்கெடுக்க அனுப்பப்பட்டவர் லெனார்ட் வொன் போஸ்ட். அக்கணக்கையும் பிழையறக் கொடுத்தார். அதனோடு, விறகெனக் கருதிய பொருளை எரிக்குமுன் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். அவர் எண்ணிய மணிகள் கண்ணுக்குத் தோன்றாத சிறுமையின. அவை காட்டிய காலம் கருத்துக்கு எட்டாத பெருமையது. ஒரு பிடி சேற்றைக் கையிலெடுத்துப் பிழிந்து பார்த்த அப்பெரியாரின் பொறுமையை நம் மாணவர் கற்பாராயின், எஞ்சியுள்ள சதுப்புகளையேனும் படித்துமுடிக்கும் முன்னர் இழவாதிருப்போம்.